மலையேறும் வண்டிக்குக் கூடுதல் மீட்டர்: பாதுகாப்பான ஒயரிங் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 320 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். இடையில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஏற்றத்தில் தண்ணீர் சூடும் ஆயிலும் பாட்டரியும் ஒரே நேரத்தில் சோதனைக்கு உள்ளாகின்றன. அதனால்தான் நீலகிரியில் பொலிரோ, ஆம்னி, பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கூடுதல் மீட்டர் மாட்டிக்கொள்கிறார்கள். மீட்டர் நல்லதுதான். ஆனால் அவசரத்தில் இழுத்த ஒயர் பர்லியாருக்கு மேலே புகைந்தால், வண்டியை ஓரங்கட்டக்கூட இடம் கிடைக்காது. கீழே உள்ள பதில்கள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பாட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் இணைந்த) வண்டிகளுக்கானவை. விதிவிலக்குகளை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

வண்டியிலேயே வெப்பமானி இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

கம்பெனி முள் பெரும்பாலும் உண்மையை முழுதாகக் காட்டாது. ஓட்டுபவர் பதறக் கூடாது என்பதற்காக, ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரிக்கும் மேல் வரை முள் நடுவிலேயே நிற்கும்படி பல கார்களில் அமைத்திருப்பார்கள். அது நகரத் தொடங்கும்போது தண்ணீர் ஏற்கெனவே எல்லையைத் தொட்டிருக்கும். சில சிறிய கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். எண் காட்டும் மீட்டர் இருந்தால் 92, 96, 101 என்று ஏறுவதைப் பார்த்து, முன்கூட்டியே ஏசியை அணைத்து, ஹீட்டரைத் திறந்து, அகலமான இடம் பார்த்து நிறுத்தலாம்.

எதை முதலில் மாட்டுவது?

எங்கள் வரிசை: தண்ணீர் வெப்பம், வோல்ட், ஆயில் பிரஷர். இந்த மூன்றுக்கு மேல் தேவைப்படுபவர்கள் குறைவு. டர்போ டீசலில் பாரம் ஏற்றி அடிக்கடி மலையேறுகிறவருக்குச் சைலன்சர் புகையின் வெப்பம் காட்டும் மீட்டர் பயன்படும். அதன் சென்சார் ‘கே’ வகைத் தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து வெப்பம் அளப்பது). அதைச் சாதாரணச் செம்பு ஒயரால் நீட்டினால் எண் தப்பாகிவிடும், அதே வகை நீட்டிப்பு ஒயர்தான் வேண்டும். மற்றபடி, டேஷ்போர்டு நிறைய மீட்டர் வைத்தால் எதையும் பார்க்க மாட்டோம்.

புதிய கார். ஒயர் இழுக்காமல் வழி உண்டா?

உண்டு, அதுதான் நல்ல வழியும்கூட. ஓபிடி சாக்கெட் (கோளாறு படிக்கும் கருவியைச் சர்வீசில் செருகும் இடம்) உள்ள காரில் அங்கே செருகும் சிறு திரையே தண்ணீர் வெப்பம், ஆர்பிஎம், வோல்ட் எல்லாம் காட்டும். இன்ஜினில் கை வைக்க வேண்டாம், எந்த ஒயரையும் வெட்ட வேண்டாம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அந்தச் சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவி எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும். தானாக அணையாத கருவியை விட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனால் பாட்டரி இறங்கிவிடும். இரண்டாவது, தொங்கும் கேபிள் பிரேக் பெடல் பக்கம் வரவே கூடாது. ஆயில் பிரஷரைப் பெரும்பாலான கார்கள் ஓபிடி வழியே தருவதில்லை, அதற்குத் தனி சென்சார் வேண்டும்.

இப்படிப்பட்ட காரில் கம்பெனி வெப்ப சென்சார் ஒயரிலேயே புது மீட்டரையும் இணைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. அந்த ஒயரில் ஓடுவது இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) அளந்து பார்க்கும் மெல்லிய மின்னழுத்தம். கூடுதலாக ஒரு மீட்டர் தொங்கினால் அளவு மாறி, இன்ஜின் குளிர்ந்திருப்பதாகவோ கொதிப்பதாகவோ இசியு நினைத்துக்கொள்ளும். பெட்ரோல் அளவும் ரேடியேட்டர் ஃபேனும் அதன்படி தப்பாகும்.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

இரண்டு மீட்டருக்கு: 1 சதுர மி.மீ. ஆட்டோ ஒயர் சிவப்பு 3 மீட்டர், கறுப்பு 2 மீட்டர். சென்சாருக்கு வேறு நிறத்தில் 0.75 சதுர மி.மீ. ஒயர் 4 மீட்டர். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயர் ஆகாது, அதிர்வில் ஒடிந்துவிடும். மெல்லிய இழைகள் பல கொண்ட ஒயராகக் கேளுங்கள். மூடியுள்ள ஃப்யூஸ் ஹோல்டர் ஒன்று, 3 ஆம்ப் ஃப்யூஸ் மூன்று (ஒன்று மாட்ட, இரண்டு கையிருப்பு). 6 மி.மீ. வளைய லக் நான்கு, 6.3 மி.மீ. பெண் லக் எட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒரு மீட்டர், ரப்பர் கிரோமெட் (தகட்டுத் துளையில் ஒயர் உரசாமல் காக்கும் வளையம்) இரண்டு, வரிவரியான ஃப்ளெக்ஸிபிள் பைப் 3 மீட்டர், பிளாஸ்டிக் டை ஒரு பாக்கெட். கருவிகளில் காசு போட வேண்டியது இரண்டுக்குத்தான்: ராட்செட் உள்ள கிரிம்பிங் டூல், ஒரு நல்ல மல்டிமீட்டர். கொறடால் நசுக்கிய லக் கையில் இழுத்தாலே கழன்று வரும்.

கரண்டை எங்கிருந்து எடுப்பது?

முதலில் இரண்டு வகைக் கரண்டைப் பிரித்து அறிய வேண்டும். சாவியின் ஏசிசி நிலையில் வருவது ரேடியோ, லைட்டர் போன்றவற்றுக்கு. செல்ஃப் அடிக்கும்போது இது பெரும்பாலும் துண்டாகிவிடும். இக்னிஷன் நிலையில் வருவதோ செல்ஃப் அடிக்கும்போதும் தொடரும். வெப்பம், ஆயில் பிரஷர் இரண்டுக்கும் இக்னிஷன் கரண்ட்தான் சரி. ஸ்டார்ட் ஆன கணத்தில் ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்ப்பதற்குத்தானே மீட்டர்? அந்த நேரத்தில் அது அணைந்து எழுந்துகொண்டிருந்தால் பயனில்லை. நேரடியாகப் பாட்டரியில் கொடுத்தால் இரவெல்லாம் கரண்ட் குடிக்கும்.

எடுக்க எளிய இடம் டேஷ்போர்டின் அடியில் உள்ள ஃப்யூஸ் பெட்டி. ஒரு ஃப்யூஸைக் கழற்றி அந்த இடத்தில் செருகும் இரட்டை ஃப்யூஸ் ஹோல்டர் கடையில் கிடைக்கும். உங்கள் ஃப்யூஸ் பெரிய பிளேடா, மினியா, அதைவிடச் சிறியதா என்று பார்த்து அதே அளவு வாங்குங்கள். நெருக்கிச் செருகினால் கிளிப் அகண்டு, அந்த இடம் சூடாகத் தொடங்கும்.

இதில் பலரும் தவறுவது திசை. ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டு, மல்டிமீட்டரால் இரண்டு துளைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில்தான் 12 வோல்ட் வரும். ஹோல்டரில் இரண்டு ஃப்யூஸுக்கும் பொதுவான கால் எதுவோ, அது அந்த 12 வோல்ட் துளையில் இறங்க வேண்டும். மாற்றிச் செருகினாலும் மீட்டர் எரியும், அதனால் தப்பு தெரியாது. ஆனால் உங்கள் கரண்டும் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும்.

ஏர்பேக், ஏபிஎஸ், இசியு, ஃப்யூயல் பம்ப், ஸ்டீயரிங் மோட்டார் ஆகியவற்றின் ஃப்யூஸைத் தொடாதீர்கள். மலையில் வைப்பர் ஃப்யூஸையும் விட்டுவிடுங்கள். குன்னூர் மழையில் அது போனால் வண்டி நின்றது போலத்தான். பவர் விண்டோ, பின் கண்ணாடி ஹீட்டர் போன்றவற்றின் இக்னிஷன் ஃப்யூஸ் இருந்தால் அதுவே நல்ல தேர்வு.

ஃப்யூஸ் பெட்டியில் இடமில்லாத பழைய ஜீப்பில், பாட்டரி பாசிட்டிவிலிருந்து 15 செ.மீ.க்குள் ஃப்யூஸ் ஹோல்டர் வைத்து, அங்கிருந்து ஒரு ரிலே (சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வழியாக மீட்டருக்குக் கொண்டுபோங்கள். ரிலேயின் 30ஆம் காலில் பாட்டரி, 87இல் மீட்டர், 86இல் இக்னிஷன், 85இல் எர்த். 86க்கு வரும் ஒயருக்கும் தனியாக 2 ஆம்ப் ஃப்யூஸ் போடுங்கள்.

மீட்டர் எடுப்பதே 0.2 ஆம்ப். அதற்கு ஏன் ஃப்யூஸ்?

ஃப்யூஸ் மீட்டரைக் காக்க அல்ல, ஒயரைக் காக்க. தோல் உரிந்த ஒயர் பாடியில் பட்டால் கார் பாட்டரி சில நூறு ஆம்ப் தள்ளும். 1 சதுர மி.மீ. ஒயர் சில நொடிகளில் சிவந்து, பக்கத்து ஒயர்களின் தோலையும் உருக்கும். ஃப்யூஸ் கரண்ட் எடுக்கும் இடத்தில் இருந்தால்தான் முழு ஒயரும் காப்பில் வரும். மீட்டர் பக்கத்தில் வைத்த ஃப்யூஸ் அழகுக்குத்தான். 3 ஆம்ப் போதும். அது அடிக்கடி போகிறதென்றால் எங்கோ உரசுகிறது என்று பொருள். 10 ஆம்ப் போட்டு வாயடைப்பது நெருப்புக்கு வழி.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப் வைத்துத்தான் பார்க்கிறார். சரியா?

அம்பாசிடரிலும் பழைய ஜீப்பிலும் சரி. ஏர்பேக் உள்ள காரில் வேண்டாம். பல்பு உள்ள டெஸ்ட் லாம்ப் எடுக்கும் கரண்ட் இசியு ஒயரைக் கெடுக்கலாம். ஏர்பேக் ஒயரில் பட்டால் பை வெடித்து விரியவும் கூடும். ஏர்பேக் கனெக்டர்கள் வழக்கமாக மஞ்சள் நிறம். மஞ்சளைக் கண்டால் மல்டிமீட்டரைக்கூட வைக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் பாட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பில்லரில் மீட்டர் கூடு ஒட்டுகிறவர்கள் அந்தப் பில்லருக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே ஒன்றும் ஒட்டக் கூடாது, பை விரியும்போது அந்தக் கூடு முகத்துக்குத்தான் பறந்து வரும்.

எர்த் எங்கே கொடுப்பது?

மீட்டர் கோளாறுகளில் பாதி எர்த் கோளாறுதான். டேஷ்போர்டு அடியில் கண்ணில் பட்ட ஸ்க்ரூவில் சுற்றாதீர்கள், அது பிளாஸ்டிக்கில்கூட இறங்கியிருக்கலாம். கம்பெனியே எர்த் கொடுத்திருக்கும் போல்ட்டைத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் பாடித் தகட்டில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பின் மேல் வளைய லக், பல் வாஷர், நட் என்று இறுக்கி, அதன்மேல் வாசலின் பூசுங்கள். சுரண்டாத பெயின்டின் மேல் முடுக்கிய லக் வெயில் காலத்தில் வேலை செய்யும், ஜூலைச் சாரலில் ஆடத் தொடங்கும். எல்லா மீட்டரின் எர்த்தையும் ஒரே போல்ட்டில் சேருங்கள்.

சோதனை எளிது. இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மீட்டரின் எர்த் லக்கிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் வந்தால் நல்லது. 0.3ஐத் தாண்டினால் கழற்றி மறுபடி செய்யுங்கள்.

வெப்ப சென்சாரை எங்கே வைப்பது?

ஏர்பேக் காலத்துக்கு முந்தைய பல இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட்டிலோ தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கூட்டிலோ அடைத்த துளை ஒன்று இருக்கும், அதுவே சிறந்த இடம். இல்லையென்றால் மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி நடுவில் அலுமினிய அடாப்டர் வைக்கலாம். ஹோஸின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். 32 மி.மீ. ஹோஸில் 34 அடாப்டரை வம்பாகச் செருகக் கூடாது. இரண்டு பக்கமும் புதுக் கிளிப். மேல் ஹோஸ் பல வண்டிகளில் தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால் இருப்பதால், அது திறக்கும் வரை மீட்டர் குளிராகவே காட்டும். அது கோளாறு அல்ல.

ஒற்றை ஒயர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. ஹோஸ் அடாப்டரோ இரண்டு பக்கமும் ரப்பர். ஆகவே அடாப்டர் உடலில் இருந்து இன்ஜினுக்குத் தனி எர்த் ஒயர் கட்டாயம். டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினாலும் இதே பிரச்சினை. மரையில் இரண்டு சுற்று, முன்னால் உள்ள இரண்டு புரிகளை விட்டுவிட்டுச் சுற்றினால் போதும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? வெப்ப சென்சார் சூடாக ஆக மின்தடை குறையும். எர்த் கெட்டாலும் ஜாயின்ட் பச்சை பூத்தாலும் தடை கூடும். கூடினால் மீட்டர் குளிர்ச்சியாகக் காட்டும். ஆயில் பிரஷர் சென்சாரில், பரவலாக உள்ள 10–184 ஓம் வகையில், தடை கூடினால் பிரஷர் கூடுதலாகத் தெரியும். அதாவது ஒயரிங் கெட்டால் இரண்டு மீட்டருமே ‘எல்லாம் நலம்’ என்றுதான் சொல்லும்.

இன்னொன்று: தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், மீட்டர் இறங்கும். ஏற்றத்தில் முள் திடீரென்று விழுந்தால் மகிழாதீர்கள். உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ஆறும் வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

ஏற்றத்தில் எத்தனை டிகிரி வரை சரி?

தெர்மோஸ்டாட் 82 முதல் 88க்குள் திறக்கும். ஏற்றத்தில் 95 முதல் 100 வரை போய், சமதளம் வந்ததும் இறங்கினால் கவலையில்லை. 105ஐத் தாண்டி நின்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, நிறுத்த இடம் தேடுங்கள். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். திறந்த தண்ணீர் அங்கே 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 100இலும் கொதிக்காமல் இருக்கிறது. 0.9 பார் மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீருக்கே 114 வரை தாங்கும். ரப்பர் போன மூடி இந்தக் கணக்கை முழுதும் கவிழ்த்துவிடும். மீட்டர் வாங்கும் அன்றே புது மூடியும் வாங்கிவிடுங்கள், இரண்டில் அதுதான் மலிவு.

ஆயில் பிரஷர் மீட்டருக்குக் குழாய் வகையா, ஒயர் வகையா?

ஒயர் வகை. குழாய் வகையில் கொதிக்கும் ஆயில் மெல்லிய நைலான் குழாய் வழியாக டேஷ்போர்டு வரை வருகிறது. அது வெடித்தால் காலில் கொட்டும், இன்ஜின் ஆயிலும் போகும்.

சென்சாரை ஆயில் லைட் சுவிட்ச் இருக்கும் இடத்தில் டி (மூன்று வாய் இணைப்பு) வைத்து மாட்டுவார்கள். பழைய சுவிட்ச் அந்த டியிலேயே தொடரட்டும், சிவப்பு விளக்கை இழக்காதீர்கள். மரை விஷயத்தில் கவனம்: மாருதி உள்ளிட்ட ஜப்பானிய வடிவ இன்ஜின்களில் 1/8 பிஎஸ்பி டேப்பர், ஓர் அங்குலத்துக்கு 28 புரி. கடையில் கிடைக்கும் அமெரிக்க வகைச் சென்சாரில் 1/8 என்பிடி, 27 புரி. ஒன்றில் மற்றொன்று முதல் ஒன்றரைச் சுற்று இனிமையாக இறங்கும், பிறகு இறுகும். அங்கே பலம் கொடுத்தால் பிளாக்கின் மரையே போய்விடும். சரியான அடாப்டர் வாங்குங்கள்.

அந்தச் சென்சார் கனமானது. பித்தளை டியின் நுனியில் அப்படியே தொங்கவிட்டால் டீசல் இன்ஜினின் அதிர்வில் கழுத்து ஒடியும். ஒரு அடி நீளப் பின்னல் ஹோஸ் வைத்து, சென்சாரை பாடியில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, அதற்குத் தனி எர்த் கொடுப்பதே நிலைக்கும் வேலை.

அளவு: ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு. நன்றாகச் சூடான இன்ஜின் ஐடிலில் 10–15 காட்டினால் பல இன்ஜின்களுக்கு இயல்புதான். டிசம்பர் காலையில் உறைபனியில் ஸ்டார்ட் செய்தால் 70க்கு மேல் ஏறும், ஆயில் இளகியதும் இறங்கும்.

வேக்குவம் மீட்டர் (இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் வரும் வெற்றிடத்தைக் காட்டுவது) சமவெளியில் 19 அங்குலம் காட்டியது, ஊட்டியில் 12 காட்டுகிறது. இன்ஜின் போச்சா?

இல்லை. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஊட்டி 7,350 அடி, ஆகவே 7 அங்குலக் குறைவு சரியான கணக்கு. குன்னூரில் 6 குறையும்.

ஆனால் அந்த மீட்டருக்கு வேக்குவத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? பிரேக் பூஸ்டர் ஹோஸில் டி வைத்திருந்தால் இன்றே கழற்றுங்கள். அந்த மெல்லிய குழாய் நழுவினால் பூஸ்டருக்கு வேக்குவம் போய், பிரேக் பெடல் கல்லாகிவிடும். கல்லட்டி இறக்கத்தில் 36 வளைவுகள். இன்டேக் மேனிஃபோல்டில் தனி முனை தேடி எடுங்கள். டீசலில் வேக்குவம் பம்ப் முழுக்கப் பிரேக்குக்காகவே, அதில் மீட்டர் மாட்டுவதில் அர்த்தமே இல்லை.

ஆர்பிஎம் மீட்டரின் சிக்னல் ஒயர்?

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பெட்ரோல் வண்டியில் காயிலின் நெகட்டிவ் முனை. அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் துடிப்பு வரும், இன்ஜின் ஓடும்போது தொடாதீர்கள், மெல்லிய தோல் ஒயர் போடாதீர்கள். பிளக்குக்குப் போகும் தடித்த ஒயரில் எதையும் இணைக்கக் கூடாது. மீட்டரின் பின்னால் 4 சிலிண்டர் என்று சுவிட்சை வைத்தீர்களா என்று பாருங்கள், 8இல் இருந்தால் பாதிதான் காட்டும். டீசலில் ஆல்டர்னேட்டரின் ‘டபிள்யூ’ முனை. அது இல்லாத பழைய ஆல்டர்னேட்டரில் தனி சென்சார்தான்.

பழைய ஜீப்பில் அம்மீட்டர் இருந்தது. அதையே மறுபடி மாட்டலாமா?

வேண்டாம், வோல்ட்மீட்டர் போடுங்கள். அம்மீட்டரில் சார்ஜ் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டின் பின்னால் வந்து திரும்ப வேண்டும். அக்காலத்து டைனமோ தந்த கரண்டுக்குச் செய்த மீட்டர் அது. இன்றைய 60, 70 ஆம்ப் ஆல்டர்னேட்டரை அது தாங்காது, முனைகள் பழுக்கும்.

வோல்ட்மீட்டரை வாசிப்பது சுலபம். நிறுத்தி சில மணி நேரம் ஆன வண்டியில் 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.5. உறைபனிக் காலையில் 14.7 காட்டினாலும் பயமில்லை, குளிரில் ரெகுலேட்டர் சற்றுக் கூட்டித் தரும். மூடுபனியில் ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டு ஏறும்போது 13க்குக் கீழே இறங்கினால் பெல்ட்டைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பாட்டரிக்கு வயதாகிவிட்டது. ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள புதிய கார்களில் 12.5க்கும் 15க்கும் இடையே எண் தாவிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மீட்டரின் விளக்கு ஒயரை எதில் சேர்ப்பது?

பார்க் லைட் கரண்டில். மங்கலாக்கும் குமிழ் உள்ள கார்களில் சிலவற்றில் எர்த் பக்கம் மங்கலாக்குவார்கள், அங்கே மீட்டரின் எர்த்தை அந்த ஒயரில் சேர்த்தால் எண்ணே தப்பாகும். மூடுபனியில் நீல எல்இடி முன் கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசும். ஒளியைக் குறைக்க வழியுள்ள மீட்டராக வாங்குங்கள். ஹெட்லைட் போட்டதும் வெப்ப எண் மாறுகிறதென்றால், எர்த் பலவீனம்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

சமவெளியிலேயே அது ஒரு வருடம்தான். இங்கே பகல் வெயில், இரவுப் பனி, நாள் முழுக்க ஈரம். டேப்பின் பசை இளகி வழிந்து, உள்ளே செம்பு பச்சையாகும். லக்கைக் கிரிம்ப் செய்து, கையால் பலமாக இழுத்துப் பார்த்து, பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கி மூடுங்கள். ஒயரை வெட்டாமல் கடித்து இணைக்கும் கிளிப்புகள் இழைகளை அறுத்துவிடும், தவிருங்கள். பற்ற வைப்பதானால் அந்த இடம் ஆடாதபடி இரு பக்கமும் கட்டுங்கள், ஈயம் ஏறிய நுனியில்தான் ஒயர் ஒடியும்.

எலி இன்னொரு தொல்லை. குளிருக்கு இன்ஜின் சூட்டில் ஒண்டும், ஒயரைக் கடிக்கும். ஃப்ளெக்ஸிபிள் பைப் அதை முழுதாகத் தடுக்காது, ஆனால் கடித்தது கண்ணில் படும். கேபினுக்குள் போகும் துளைகளை அடைத்து வையுங்கள்.

இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே ஒயர் கொண்டுவர வழி?

ஏற்கெனவே உள்ள கிரோமெட்டின் ஓரத்தில் சிறு துளையிட்டு நுழைப்பதே நல்லது. புதிதாகத் துளையிட்டால் வெட்டு விளிம்பை ராவி, பெயின்ட் தொட்டு, கிரோமெட் மாட்டிய பிறகே ஒயர். நுழையும் முன் ஒயர் சற்றுத் தொங்கி மேலேறட்டும், மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சாண் தூரமாவது இருக்க வேண்டும். கிளட்ச், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்டீயரிங் தண்டு இவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் ஒயர் குறுகியதே, ஆனால் சீட்டைத் தூக்கி மடக்கும்போது நசுங்காத வழியாகப் போக வேண்டும். மடக்கித் திறந்து இரண்டு முறை பாருங்கள்.

மாட்டியாயிற்று. மீட்டர் உண்மை சொல்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சென்சாரை மாட்டும் முன் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். சென்சாரின் ஒயரையும் எர்த்தையும் நீட்டி, கொதிக்கும் தண்ணீரில் அதன் நுனியை மட்டும் முக்குங்கள். மேட்டுப்பாளையத்தில் 99 காட்ட வேண்டும், குன்னூர், கோத்தகிரியில் 94, ஊட்டியில் 92 அல்லது 93. ஊட்டி வீட்டில் 100 காட்டவில்லை என்று நல்ல மீட்டரைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

வண்டியில் சோதிக்க: சாவி போட்ட நிலையில் வெப்ப சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் குளிர் எல்லைக்குப் போக வேண்டும், அந்த ஒயரை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் சூடு எல்லைக்கு. இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி, சந்தேகம் சென்சார் மேல்தான். 10–184 ஓம் ஆயில் சென்சாருக்கு இது நேர்மாறு: கழற்றினால் உச்சம், எர்த்தில் தொட்டால் பூஜ்யம். மீட்டரும் சென்சாரும் ஒரே வகையாக இருக்க வேண்டும், ஒரு கம்பெனி மீட்டருக்கு வேறு கம்பெனி சென்சார் போட்டால் எண் கற்பனைதான்.

பழைய லேண்ட் ரோவர், மோரிஸ் வைத்திருக்கிறேன். வேறு கவனம் உண்டா?

1960களின் பிற்பகுதிக்கு முந்தைய பல பிரிட்டிஷ் வண்டிகள் பாசிட்டிவ் எர்த். பாட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். எல்இடி மீட்டரை அப்படியே மாட்டினால் சாவி போட்ட கணமே கருகும். ராணுவ ஏலத்தில் வந்த வண்டிகளில் 24 வோல்ட் உண்டு. அந்த பிரிட்டிஷ் ஒயரிங்கில் பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை ஃப்யூஸ் இல்லாத இக்னிஷன், பச்சை ஃப்யூஸ் வழி வந்த இக்னிஷன், கறுப்பு எர்த். மீட்டருக்குப் பச்சை. ஆனால் டேஷ்போர்டின் பின்னால் உள்ள சிறு ஸ்டெபிலைசர் டப்பாவின் வெளிப்பக்கத்தில் எடுக்காதீர்கள், அங்கே வருவது சராசரியாக 10 வோல்ட்தான். ஐம்பது வருட ஒயரின் தோல் கையில் உதிர்ந்தால், மீட்டரை மறந்துவிட்டு முதலில் ஒயரிங் மாற்றுங்கள்.

வாரண்டி, இன்சூரன்ஸ்?

வாரண்டி உள்ள காரில் ஒயரை வெட்டினால் மின்சாரக் கோளாறுக்கான உரிமை சிக்கலாகும். ஓபிடி கருவியைச் சர்வீசுக்கு விடும்போது கழற்றிவிடலாம். வேறு எதை மாட்டினாலும் எந்த ஃப்யூஸ், எந்த நிறம், எந்த எர்த் போல்ட் என்று ஒரு தாளில் வரைந்து கையேட்டுக்குள் வையுங்கள். அடுத்து அந்த டேஷ்போர்டைத் திறக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

இறங்கும்போது எந்த மீட்டரைப் பார்ப்பது?

ஆர்பிஎம்மை. ஏறிய கியரிலேயே இறங்கி, இன்ஜின் இழுத்துப் பிடிக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் தண்ணீர் வெப்பம் 75க்குக்கூட இறங்கும், அது இயல்பு. சூடாவது பிரேக், அதைக் காட்ட நீங்கள் மாட்டிய எந்த மீட்டரும் உதவாது. பெடல் மெத்தென்று இறங்கினாலோ கருகிய வாடை வந்தாலோ நிறுத்திவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆற விடுங்கள்.